குளத்திற்குக் களை தரும் செடிகள்

வங்காளத்தில் ஒரு பழமொழி உண்டு. பெயரோ பனங்குளம், செம்பு முழுகத் தண்ணீர் இல்லை என்பது அதன் பொருள். பழம்பெருமை பேசிக்கொண்டு கையில் காசின்றி இருப்பவரைக் குறித்து அங்குள்ளோர் இதைச் சொல்வார்கள். குளங்களைப் பற்றி எண்ணுவோருக்கு இப்பழமொழி வேறொன்றையும் உணர்த்துகிறது. அந்நாட்டில் குளத்திற்குப் பெயரிட்டவர்கள், அதனை வெட்டியவரின் பெயரை மட்டுமே வைத்தார்களல்லர். அதன் கரையிலும் நீரிலும் வளர்ந்த தாவரத்தின் பெயரையும் வைத்தார்கள். தால்புகுர் என்றால் பனங்குளம். பத்மபுகுர் என்றால் தாமரைக் குளம். கொல்கத்தா மாநகரின் ஒரு பகுதிக்கு இன்றளவும் பத்மபுகுர் என்ற பெயரே வழங்குகிறது. குளம் வேறு, அதன் செடி வேறு என்று அம்மக்கள் கருதவில்லை என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டில் குளங்கள் எத்தனை என்று ஒருவாறு கணக்கிட்டு அறிந்ததே அண்மையில்தான். மத்திய ஜலசக்தி அமைச்சகம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பின்படி, நாட்டிலுள்ள நீர்நிலைகள் 24,24,540. இவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு கிராமப்புறங்களில் உள்ளவை. மேற்கு வங்காளத்தில் மட்டும் 7,47,480 நீர்நிலைகள் உள்ளன. வேறெந்த மாநிலத்திலும் இத்துணை இல்லை. இதற்கு ஓராண்டு முன்னர், 2022 ஏப்ரல் 24ஆம் நாள், மாவட்டத்திற்கு எழுபத்தைந்து குளங்களை வெட்டவோ புதுப்பிக்கவோ வேண்டுமென்னும் அமிருத சரோவர்த் திட்டம் தொடங்கப்பெற்றது. நாடெங்கும் பல்லாயிரம் குளங்கள் இத்திட்டத்தின்கீழ்த் தூர் வாரப்பட்டுள்ளன. ஆகவே, தூர் வாரிய குளத்தின் கரையில் என்ன வைப்பது என்னும் வினா இன்று ஏட்டளவில் நிற்பதன்று. ஆயிரக்கணக்கான ஊராட்சிகளின் முன் நிற்கும் வினாவாகும்.

இவ்வினாவிற்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை சிமெண்டு என்பதே. இக்கட்டுரையாளர் சில ஆண்டுகளுக்கு முன் வடநாட்டுச் சிற்றூர் ஒன்றில் அவ்வாறு அழகுபடுத்தப்பட்ட குளமொன்றைக் கண்டார். நாற்புறமும் செங்குத்தான சுவர். சுவரின்மேல் வர்ணம் பூசிய கம்பி வேலி. நடுவே ஒரு நீரூற்று. கரையில் வெளிநாட்டுப் பூச்செடிகள் தொட்டிகளில் வரிசையாக நின்றன. நீரோ கட்டிப் பச்சைச் சாயத்தைக் கரைத்தாற்போல் இருந்தது. நீரூற்று இயங்கவில்லை. பெண்கள் குடத்துடன் இறங்கிவந்த பழைய சரிவு சுவருக்குள் மறைந்துவிட்டபடியால், அவர்கள் குளத்திற்கு வருவதை நிறுத்திவிட்டார்கள் என்று ஊரார் கூறினர். அழகுபடுத்தியதன் பயன், ஊர் தன் குளத்தை இழந்ததுதான்.

இப்படி ஆவதற்குக் காரணம் தற்செயலானதன்று. குளத்தின் உயிர் அதன் நடுவில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. மழைநீர் வயலிலிருந்தும் தெருவிலிருந்தும் வண்டலையும் உரச்சத்தையும் சுமந்துகொண்டு குளத்திற்குள் பாய்கிறது. விளிம்பில் கோரையும் நாணலும் அடர்ந்திருந்தால், அவற்றின் தண்டுகளிடையே புகுந்த நீரின் வேகம் தணிகிறது. வேகம் தணிந்ததும் வண்டல் அங்கேயே படிந்துவிடுகிறது. நீரில் கரைந்துள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் செடிகள் உறிஞ்சிக் கொள்கின்றன. அலை வந்து மோதும்போது அதன் வலிமையைத் தண்டுகள் வாங்கிக்கொள்வதால் கரை அரிக்கப்படுவதில்லை. விளிம்பில் செடியே இல்லாத குளத்தில் இச்சத்துகள் அனைத்தும் நேரே நீரில் சேர்கின்றன. அவற்றை உண்டு நுண்பாசிகள் பெருகுகின்றன. பகலில் பாசி பிராணவாயுவை வெளியிடுமாயினும், இரவில் அதுவும் மற்ற உயிர்களைப்போல் பிராணவாயுவை உட்கொள்ளுகிறது. பாசி மிகுந்த குளத்தில் விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை மீன் வளர்ப்போர் அறிவார்கள். அது விளையாட்டன்று, மூச்சுத் திணறல்.

நீர்த்தாவரங்கள் சேற்றினுள்ளும் ஒரு வேலையைச் செய்கின்றன. தாமரைக் கிழங்கைக் குறுக்கே வெட்டினால் சக்கரம்போல் துளைகள் தெரியும். அவை காற்றுக் குழாய்கள். இலையின் வழியாகப் புகுந்த காற்று இக்குழாய்கள் வழியே சேற்றில் புதைந்துள்ள கிழங்கை எட்டுகிறது. சம்பு, கோரை முதலியவற்றிலும் இத்தகைய காற்றறைகள் உண்டு. இவற்றின் வேர்களிலிருந்து கசியும் பிராணவாயு, வேரைச் சுற்றியுள்ள மெல்லிய சேற்றுப் படலத்தில் நுண்ணுயிர்களை வாழச் செய்கிறது. குளத்தில் விழும் அழுக்குகளைச் சிதைப்பதில் பெரும்பங்கு இந்நுண்ணுயிர்களுடையதே.

இங்கு ஒரு சொல்லைப்பற்றிக் குறிப்பிடாமல் மேற்செல்ல மனமில்லை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்குச் சொற்களிடம் இத்தகைய சபலம் இயற்கை. களை என்னும் தமிழ்ச்சொல்லுக்கு, வேண்டாத இடத்தில் முளைத்த பூண்டு என்பது ஒரு பொருள். முகத்திற்குப் பொலிவு தரும் அழகு என்பது மற்றொரு பொருள். குளத்துச் செடிகளைப் பொறுத்தவரையில் இவ்விரு பொருள்களுக்கும் இடையேயுள்ள தொலைவு மிகக் குறைவு. கண்ணுக்கு அழகாயிருந்தது என்று கொண்டுவரப்பட்ட வெங்காயத் தாமரையே இந்நாட்டுக் குளங்களின் பெருங்களையாயிற்று.

தென்னமெரிக்காவின் அமேசான் பகுதிக்குரிய இச்செடி, அதன் ஊதாநிறப் பூங்கொத்தின் பொருட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தை அடைந்தது. ஏற்ற சூழ்நிலையில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் இருமடங்காகப் பெருகக்கூடியது. ஆறுகளில் படகு செல்லவும் வயல்களில் நெல் விளையவும் இயலாதவாறு அது பரவியதால், 1936ஆம் ஆண்டில் வங்காள அரசு அதனை ஒழிப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது.  1980களில் அதன் தாயகத்தைச் சேர்ந்த கூன்வண்டுகளைத் தருவித்து ஆங்காங்கே விட்டுப் பார்த்தார்கள். சிற்சில நீர்நிலைகளில் நற்பயன் விளைந்தது. ஆயினும் கழிவுநீர் விழும் குளங்களில் வெங்காயத் தாமரை இன்றும் அரசோச்சுகிறது.

நெய்வேலிக் காட்டாமணக்கு என்று நம்மவர் அழைக்கும் செடியும் அமெரிக்கக் கண்டத்து வெப்பநாடுகளிலிருந்து வந்ததே. ஆடு மாடுகள் எளிதில் கடிக்கா. கடித்தால் அதன் நஞ்சு வெள்ளாட்டிற்குத் தீங்கு பயக்கும். இதன் காரணமாகவே கரைக்கு நல்ல வேலியென்று பலர் அதனை நட்டனர். ஒடித்தெறிந்த குச்சி விழுந்த இடத்தில் வேரூன்றிக் கொள்ளும் இதன் இயல்பைக் கண்ட வடநாட்டு மக்கள் இதற்கு பேஷரம், அதாவது வெட்கங்கெட்டது, என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். தாவர நூலார் சூட்டிய பெயரைவிட இது பொருத்தமானது.

ஆகாயத் தாமரையும் நம் கவனத்திற்குரியது. நீரில் மிதக்கும் இதன் வேர்களைத் துளைத்து, அவற்றினுள் உள்ள காற்றைச் சுவாசித்து வாழும் ஒருவகைக் கொசுப்புழு உண்டு. மான்சோனியா எனப்படும் இக்கொசு யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்புவது. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் குளங்களிலிருந்து இச்செடியை அகற்றுவதே நோய்த்தடுப்பின் முக்கியப் பணியாக இருந்தது. ஆகையால் குளத்தில் பசுமை இருந்தாற் போதும் என்று கூறுதற்கில்லை. எந்தப் பசுமை, எங்கே, எவ்வளவு என்பவை அறிந்து செய்ய வேண்டியவை.

கரையின் உச்சியிலிருந்து தொடங்குவோம். மண் கரையில் மரம் வைப்பதைப் பற்றிப் பொறியியலார் தயங்குவதில் நியாயம் உண்டு. பெருவேர் விடும் மரம் பட்டுப்போனால், மக்கிய வேரின் வழியே நீர் கசிந்து கரையைத் துளைத்துவிடும். ஆலும் அரசும் நிழலுக்கு ஒப்பற்றவை. எனினும் அவற்றின் வேர் படித்துறைக் கற்களைப் பிளந்து தள்ளும். அவற்றைக் கரைக்கு வெளியே, மக்கள் கூடும் திடலில் வைப்பதே தக்கது. கரையின்மேல் வைப்பதற்குப் பனையைப்போல் ஏற்றது இல்லை. அதன் வேர்கள் பருத்து ஓடாமல், கயிற்றுக் கற்றைபோல் இறங்கி மண்ணைப் பிணைக்கின்றன. இலையுதிர்த்து நீரைக் கெடுப்பதும் இல்லை. பனங்குளம் என்று பெயரிட்டவர்கள் இதனை ஆராய்ச்சியின்றியே அறிந்திருந்தார்கள்.

நீர் ஏறி இறங்கும் தாழ்வான கரைக்கு வங்காளத்திலும் அசாமிலும் ஹிஜல் என வழங்கும் செங்கடம்பு ஏற்றது. வெள்ளத்தில் பல வாரங்கள் அடிமரம் மூழ்கியிருந்தாலும் அது சாவதில்லை. அதன் செந்நிறப் பூக்கள் நீண்ட சரங்களாய்த் தொங்கி இரவில் மலர்கின்றன, விடியும்போது உதிர்கின்றன. காலையில் துறைக்கு வருபவர்கள் நீரின்மேல் சிவப்புக் கம்பளம் விரித்ததுபோன்ற காட்சியைக் காணலாம். இதற்கு எந்தத் தொட்டியும் தோட்டக்காரரும் தேவையில்லை. ஜார்க்கண்டு, சத்தீஸ்கர் முதலிய மாநிலங்களில் இவ்விடத்தை நீர்மருதுக்குத் தரலாம். அதன் இலையை டசர்ப் பட்டுப்புழு உண்ணும்.

சரிவிற்கு அறுகம்புல்லும் வெட்டிவேரும். அறுகு மேல்மண்ணைப் போர்வைபோல் மூடிக் காக்கிறது. வெட்டிவேர் இந்தியாவிற்கே உரிய புல்; பிற நாட்டவர் அதனை அழைக்கும் பெயரும் தமிழிலிருந்தே சென்றது. அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல், நல்ல மண்ணில் மூன்று மீட்டருக்கும் மேல் நேரே கீழிறங்கும். கரைக்கு இணையாக ஒரே வரிசையாக நட்டால், ஓராண்டிற்குள் அடர்ந்து மழைநீர் கரையில் ஓடை பறிப்பதைத் தடுக்கிறது. தென்னாட்டு வகை பெரும்பாலும் விதை பிடிப்பதில்லையாதலால் தானே பரவும் என்ற அச்சமும் இல்லை. ஒன்று நினைவிலிருக்க வேண்டும். நறுமணத்திற்காக வேரைத் தோண்டத் தொடங்கினால் கரையும் உடன் வந்துவிடும். கரையிலுள்ள வெட்டிவேரில் அறுப்பதற்குரியது இலை மட்டுமே. கூரை வேய அது உதவும்.

நீரும் நிலமும் சேரும் இடமே மிகவும் வளமானது. இங்கே வல்லாரை, நீர்ப்பிரமி, பொன்னாங்கண்ணி போன்ற கீரைகளும் மூலிகைகளும் தாமே வரும். வசம்பையும் இங்கு நடலாம். இவற்றையெல்லாம்விடச் சிறப்பாகக் கூறத்தக்கது, வடவங்காளத்தின் கூச்பிகார்ப் பகுதியிலும் அசாமிலும் ஈரநிலங்களில் வளரும் முர்த்தா என்னும் செடி. ஆள் உயரத்திற்கும் மேல் பச்சைத் தண்டாக வளர்ந்து, வெண்ணிறப் பூப் பூக்கும். அத்தண்டின் புறத்தோலைக் கீற்றுகளாகச் சீவி நெய்யும் பாய்தான் சீதல்பாட்டி, அதாவது குளிர்ச்சிப் பாய். மேதினிபூர் மாவட்டங்களில் இதுபோன்றே ஒருவகைக் கோரையிலிருந்து மாதுர்ப் பாய் நெய்கிறார்கள். ஓரடி இரண்டடி ஆழத்தில் சம்பும் நாணலும் நிற்கும். அதற்கப்பால் மிதக்கும் இலையுள்ள அல்லியும் தாமரையும்.

பாயைப் பற்றி எழுதியது கைத்தொழிலைப் புகழ்வதற்காக அன்று. குளத்தில் சேர்ந்த சத்துகளைச் செடி உறிஞ்சிக்கொள்கிறது என்று மேலே கண்டோம். அச்செடியை யாரும் அறுக்காவிட்டால் என்னாகும்? அது முதிர்ந்து, பட்டு, நீரில் விழுந்து மக்கும். உறிஞ்சிய சத்து அத்தனையும் திரும்ப நீரில் சேரும். மக்கும்போது பிராணவாயுவும் செலவாகும். சில ஆண்டுகளில் விளிம்பு மேடாகிக் குளம் சுருங்கும். நாட்டுச் செடியாயிற்றே என்று சம்பு தன் கடமையைத் தானே செய்துகொண்டிராது. ஆண்டுதோறும் அரிவாளுடன் ஒருவர் வந்து, அதனை அறுத்துக் கரைக்கு வெளியே கொண்டுபோனால்தான் குளம் தூய்மை பெறும். அவர் வருவதற்குக் காரணமும் இருக்க வேண்டும். பாய் முடைபவருக்கும் மாட்டுக்குத் தீவனம் அறுப்பவருக்கும் அக்காரணம் உண்டு; மாதச் சம்பளத்திற்கு அமர்த்தப்பட்ட தோட்டக்காரருக்கு, சம்பளம் வரும்வரையில் மட்டுமே உண்டு.

பீகாரின் வடபகுதியான மிதிலையில் இதனைக் கண்கூடாகக் காணலாம். குளமும் மீனும் மக்கானாவும் அந்நாட்டின் அடையாளங்கள். மக்கானா என்பது அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த நீர்த்தாவரம். இதன் வட்டமான இலை ஒரு மீட்டருக்கும் மேல் அகலமுள்ளது, அடிப்புறமெல்லாம் முள். பழம் வெடித்து விதைகள் முதலில் மிதந்து, பின்னர்ச் சேற்றில் அமிழ்ந்துவிடும். மல்லா எனப்படும் படகோட்டி மீனவ வகுப்பினர் நீரில் மூழ்கி, அடிச்சேற்றைத் துழாவி விதைகளைக் கூட்டி எடுக்கிறார்கள். விதையை உலர்த்தி, வறுத்து, சூடாறுமுன் மரக்கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தால் கரிய ஓடு உடைந்து வெண்பொரி வெளிப்படும். நாட்டின் மக்கானா விளைச்சலில் பெரும்பகுதி பீகாரிலிருந்தே வருகிறது. தர்பங்காவில் 2002ஆம் ஆண்டில் இதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. 2022ஆம் ஆண்டில் மிதிலை மக்கானாவிற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025ஆம் ஆண்டின் மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் மக்கானா வாரியம் ஒன்று அறிவிக்கப்பெற்றது. சேற்றில் எஞ்சிய விதையிலிருந்தே அடுத்த ஆண்டின் பயிர் முளைக்கிறது. மக்கானா முடிந்தபின் சில குளங்களில் சிங்காடாவைப் பயிரிடுகிறார்கள். கொம்புள்ள இக்காயைப் பச்சையாகப் பல்லால் உரித்துத் தின்பவர்களுக்குக் குடற்புழு தொற்றுவது உண்டு; வேகவைத்து உண்பதே நலம்.

மக்கானாவிலும் குறையில்லாமல் இல்லை. இலை முழுவதும் மூடிக்கொண்டால் நீரில் பிராணவாயு குறையும். இதனாலேயே அக்குளங்களில் தேளி, பனையேறிக் கெண்டை முதலிய, வெளிக்காற்றைச் சுவாசிக்க வல்ல மீன்கள் மட்டும் நன்கு வாழ்கின்றன. கெண்டை இனங்களை வளர்க்க விரும்புவோர் நீர்ப்பரப்பில் ஒரு பகுதியைத் திறந்தே வைக்க வேண்டும். ஊர்ப் பொதுக் குளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் செடி மூட விடலாகாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இங்கு எதிர்வழக்கு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கொல்கத்தாவின் கிழக்கே, நகரின் கழிவுநீரைக் கொண்டு மீன் வளர்க்கும் பரந்த குளங்கள் உள்ளன. 2002ஆம் ஆண்டில் இப்பகுதி ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ்ச் சேர்க்கப்பெற்றது. அங்குள்ள மீனவர்கள் வெங்காயத் தாமரையையே கரையோரம் ஒரு பட்டையாக வளர்த்து, மூங்கில் அடைப்பால் அதனைக் கட்டுப்படுத்தி, அலையிலிருந்து கரையைக் காக்கிறார்கள். வெயிலில் மீன் ஒதுங்கவும் அது உதவுகிறது. நாள்தோறும் குளத்தில் இறங்கும் கைகள் அங்கே இருப்பதால் பகைவனும் பணியாளாகிறான். இதைப் பார்த்து, அத்தகைய கைகள் இல்லாத ஊர்க்குளத்தில் ஒரு செடியைக் கொண்டுபோய் விட்டவர் அடுத்த ஆண்டு குளத்தைத் தேட வேண்டியிருக்கும்.

ஆகவே, நாற்று வாங்குமுன் ஊராட்சி முடிவு செய்யவேண்டியது, விளிம்பில் அறுக்கும் உரிமை யாருக்கு என்பதே. இன்று பல இடங்களில் குளம் முழுவதும் மீனுக்கென்று குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகைதாரருக்கு விளிம்புச் செடி வலைக்கு இடையூறு. அவர் அதனை அழிப்பதில் வியப்பில்லை. குத்தகைப் பத்திரத்திலேயே விளிம்பு நீங்கலாக என்று எழுதி, அப்பட்டையைப் பாய் நெய்யும் குடும்பங்களுக்கோ பெண்கள் குழுவிற்கோ ஒதுக்கினால், காவலுக்குத் தனியே ஆள் வைக்க வேண்டியதில்லை. இதற்குப் பணம் தேவையில்லை. ஒரு வரி தேவை.

நடும் முறையைப் பற்றிச் சில கூறலாம். முதலில் துறைகளைக் குறிக்க வேண்டும்: மக்கள் இறங்க ஒன்று, மாடு இறங்க ஒன்று. மாட்டுத்துறையில் கல் பரப்பிவிட்டால் மற்ற இடங்களை மாடுகள் மிதிப்பது குறையும். மழைநீர் உட்புகும் வாயிலுக்கு எதிரே சிறு பள்ளம் வெட்டி, அதில் கோரையை அடர்த்தியாக நடவேண்டும். வண்டலை ஆண்டுதோறும் அங்கிருந்தே அள்ளிவிடலாம். தாமரைக் கிழங்கையும் சம்பின் கிழங்கையும் கோடையில் நீர் வற்றியுள்ளபோது ஊன்றுவது எளிது. இரண்டு மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடத்தில் தாமரை எளிதில் பரவாதாகையால், நடுக்குளத்தை ஆழமாக வெட்டியிருந்தால் அதுவே அதற்கு எல்லை. வெட்டிவேரும் முர்த்தாவும் முதல் மழையில் நடவேண்டியவை. அவை வேர் பிடிக்கும்வரையில், இரண்டு பருவங்களுக்கு, முட்கிளைகளால் அடைப்பு வேண்டும்.

சம்பு அளவுமீறிப் பரவிவிட்ட இடத்தில் மருந்து தெளிக்க வேண்டியதில்லை. அதன் தண்டுகளை நீர்மட்டத்திற்கு ஒரு சாண் கீழே, பட்ட தண்டுகள் உட்பட அறுத்துவிட்டால், காற்றுக் குழாய்களில் நீர் புகுந்து கிழங்கு மூச்சின்றி அழுகிவிடும். நீர்மட்டத்திற்கு மேலே அறுத்தால் அது மீண்டும் தழைக்கும். பாய்க்கும் கூரைக்கும் வேண்டிய சம்பை மேலேயும், வேண்டாத சம்பை நீருக்குக் கீழேயும் அறுக்கவேண்டும்.